சேம அச்சு: ஜப்பானியச் சரக்கு எஞ்சின் ஒன்றின் வரலாறு



சங்க காலத்தில் உப்பு வாணிகம் செய்தோர் உமணர் எனப்பட்டனர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் உள்நாட்டை நோக்கிச் சென்றனர். பாதை மேடும் பள்ளமுமானது, பாரம் மிகுதி, காளைகளோ இளையவை. இடைவழியில் வண்டியின் அச்சு முறிந்துபோனால் என்ன செய்வது? இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த உமணர், வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், அவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். யானை, புலி, ஞாயிறு என்று அரசனுக்குப் பொருந்தும் உவமைகள் எத்தனையோ இருக்க, ஒரு சரக்கு வண்டியின் அடியில் யார் கண்ணுக்கும் படாமல் தொங்கும் மரத்துண்டை அப்புலவர் தேர்ந்தெடுத்தார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

அத்தகைய ஓர் அச்சு, இரும்பால் ஆனது, 84 டன் எடையுள்ளது, அண்மைக் காலத்தில் ஜப்பான் நாட்டில் பயன்பட்ட வரலாறே இந்த உரையின் பொருள். அதன் பெயர் டிடி 51. குறுகிய இருப்புப்பாதையில் சரக்கு இழுத்த டீசல் எஞ்சின் வகை அது. இலக்கிய மேடைக்கு இது உரிய பொருளா என்ற ஐயம் எழக்கூடும். உப்பு வண்டியின் அச்சு உரிய பொருளாயின் இதுவும் உரியதே.

குறுகிய பாதை

ஜப்பானின் முதல் ரயில் 1872ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,067 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அடி. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பொறியாளர் எட்மண்ட் மோரலும், அரசின் பொறுப்பில் இருந்த ஓகுமா ஷிகெனோபுவும் இந்த அளவைத் தேர்ந்தனர். மலை மிகுந்த, செல்வம் குறைந்த நாட்டிற்குக் குறுகிய பாதையே சிக்கனம் என்று கருதப்பட்டது. வளைவுகளைக் கூர்மையாக அமைக்கலாம், மலையைக் குறைவாகக் குடையலாம், பணமும் மிஞ்சும்.

சிக்கனமாகத் தொடங்கியது பின்னர் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. இரயில்வே நிர்வாகத்தின் தலைமையில் இருந்த கோதோ ஷின்பெய் அகலப் பாதையே எதிர்காலம் என்று வாதாடினார். பொறியாளர் ஷிமா யசுஜிரோ, இருக்கின்ற பாதையை 1,435 மில்லிமீட்டருக்கு மாற்றிக் காட்டும் சோதனைகளை நடத்தினார். எதிரணியினர், இருப்பதை அகலமாக்குவதைவிட இல்லாத ஊர்களுக்குப் பாதை போடுவதே முதல் கடமை என்றனர். 1919ஆம் ஆண்டில் ஹரா தகாஷியின் அரசு அகலப் பாதைத் திட்டத்தைக் கைவிட்டது. ஷிமா யசுஜிரோ பதவி விலகினார். அவருடைய மகன் ஷிமா ஹிதியோ பிற்காலத்தில் தந்தையின் கனவை வேறு வழியில் நிறைவேற்றினார். 1964இல் அகலப் பாதையில் ஓடத் தொடங்கிய ஷிங்கான்சென் அதிவேக ரயிலின் தலைமைப் பொறியாளர் அவரே. ஆனால் ஷிங்கான்சென் மனிதர்களை மட்டுமே ஏற்றிச் செல்வதாயிற்று. நாட்டின் சரக்கு முழுவதும் பழைய மூன்றரை அடிப் பாதையிலேயே நின்றது. எனவே ஜப்பானில் குறுகிய பாதையின் கதை என்பது பெரும்பாலும் சரக்கின் கதையே ஆகும்.

புகையின் மறுபக்கம்

ஷிமா ஹிதியோ ஷிங்கான்சென்னுக்கு முன்னர் மற்றொரு புகழ்பெற்ற எஞ்சினையும் உருவாக்கியிருந்தார். அது டி 51 எனும் நீராவி எஞ்சின். 1936 முதல் 1945 வரை அரசு ரயில்வேக்காக மட்டும் 1,115 எஞ்சின்கள் இவ்வகையில் செய்யப்பட்டன. சரக்கு இழுப்பதற்கென்றே பிறந்த அதனை ஜப்பானியர் 'டெகோயிச்சி' என்று செல்லப் பெயரிட்டு அழைத்தனர். ஒரு வகை எஞ்சினுக்கு ஒரு நாடே செல்லப் பெயர் சூட்டி மகிழ்ந்தது.

கரையில் நின்று கண்டோர்க்குப் புகை அழகாக இருந்தது. எஞ்சினுக்குள் நின்றவர்களுக்கு அது எமனாகவும் இருந்தது. 1928ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், ஹொகுரிகு பாதையில் யனகாசே சுரங்கத்திற்குள் ஏற்றத்தில் சென்ற ஒரு சரக்கு ரயில், பனியால் வேகம் இழந்து, சக்கரங்கள் வழுக்கி, சுரங்கத்தின் வாயை எட்டுவதற்குச் சற்று முன்னரே நின்றுவிட்டது. சூழ்ந்த புகையில் பணியாளர்கள் மூச்சுத் திணறி மாண்டனர். சுரங்கங்கள் நிறைந்த மலைநாட்டில் எஞ்சின் ஓட்டுநர்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நெருப்பின் முன் நின்ற காலம் அது. நிலக்கரிப் புகையைப் பற்றிய பாடல்களில் இந்த ஈரத்துணி இடம்பெற்றது அரிதே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானிய தேசிய ரயில்வே, பதினைந்து ஆண்டுகளில் நீராவியை முற்றிலும் ஒழிப்பது என்ற திட்டத்தை 1960இல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. முதன்மைப் பாதைகளுக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் எட்டாத மலைப்பாதைகளுக்கும் கிளைப்பாதைகளுக்கும் டீசல் எஞ்சின் வேண்டியிருந்தது. இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

எஞ்சின் பிறந்த வகை

1957இல் அறிமுகமான டிஎஃப் 50 என்ற டீசல் எஞ்சின், ஐரோப்பிய நிறுவனங்களின் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. டீசல் இயந்திரம் மின்னாக்கியைச் சுழற்றும்; அந்த மின்சாரம் மோட்டார்களை இயக்கும்; மோட்டார்கள் சக்கரங்களை உருட்டும். முறை நல்லதே. ஆனால் இத்தனை கருவிகளும் சேர்ந்ததில் எடை கூடியது, விலை ஏறியது, ஆற்றலோ 1,060 அல்லது 1,200 குதிரைத்திறனில் நின்றுவிட்டது. பெரிய நீராவி எஞ்சின் இழுத்த பாரத்தை இதனால் இழுக்க இயலவில்லை. 138 எஞ்சின்களோடு அதன் உற்பத்தி முடிந்தது.

பொறியாளர்கள் வேறு வழியை நாடினர். ரயில் நிலையங்களில் பெட்டிகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் 1958 முதல் பயன்பட்டு வந்த டிடி 13 என்ற சிறிய எஞ்சினில், மின்சாரத்திற்குப் பதிலாக எண்ணெய் ஆற்றலைக் கடத்தியது. அதே முறையைப் பெரிய அளவில் செய்து பார்க்கத் துணிந்தனர். அம்முறையை எளிமையாகச் சொல்வதாயின், மூடிய கலத்தினுள் எதிரெதிரே இரண்டு சக்கரங்கள். இரண்டிற்கும் இடையே எண்ணெய். டீசல் இயந்திரம் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதன் இதழ்கள் எண்ணெயை வீசி எறிய, அந்த எண்ணெயின் மோதலால் மறு சக்கரம் சுழலும். இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. இடையில் நிற்கும் நெகிழ்ச்சியே வலிமையைக் கொண்டு சேர்க்கிறது. பாரத்தோடு புறப்படும்போது அதிர்ச்சி இல்லை, எடையும் குறைவு.

இவ்வாறு 1962ஆம் ஆண்டில் ஹிட்டாச்சி நிறுவனம் டிடி 51 வகையின் முதல் எஞ்சினை உருவாக்கியது. நீளம் 18 மீட்டர். நடுவில் ஓட்டுநர் அறை. அதன் இருபுறமும் தாழ்ந்த முகப்புகள். ஒவ்வொரு முகப்பினுள்ளும் 12 உருளைகள் கொண்ட ஓர் இயந்திரம். தொடக்கத்தில் ஒவ்வோர் இயந்திரத்தின் ஆற்றலும் 1,000 குதிரைத்திறன். பின்னர் 1,100 ஆக உயர்ந்தது. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்றைக் கொண்டு ஊர் போய்ச் சேரலாம். எடை நலிந்த பாதைகளை அழுத்தாதிருக்க, முன்னும் பின்னும் உள்ள இழுக்கும் சக்கரங்களுக்கு நடுவே, இழுக்காமல் எடையை மட்டும் தாங்கும் ஒரு சக்கரத் தொகுதி அமைக்கப்பட்டது. ஆறு அச்சுகளில் நான்கு உழைக்கும், இரண்டு சுமக்கும்.

பெயர் வைத்த முறையும் சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளோர் அறியத்தக்கது. முதல் எழுத்து டீசலைக் குறிக்கும். இரண்டாம் எழுத்து, ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகையால், இழுக்கும் அச்சுகள் நான்கு என்பதைச் சொல்லும். 50க்கு மேற்பட்ட எண், மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்லது என்பதற்கு அடையாளம். விதியின்படி வைத்த பெயர், பழைய டி 51 எஞ்சினின் பெயரோடு ஓரெழுத்து கூடியதாக அமைந்துவிட்டது. தந்தையின் பெயரைத் தாங்கி, தந்தையின் தொழிலையும் பறித்துக்கொண்ட மகன் போல அது வந்து நின்றது.

1978 வரை ஹிட்டாச்சி, கவாசாகி, மிட்சுபிஷி ஆகிய மூன்று நிறுவனங்களும் 649 எஞ்சின்களைச் செய்தளித்தன. இவற்றுள் பயணிகள் ரயிலுக்கு உரியவை, குளிர்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்க ஒரு சிறு கொதிகலனையும் உடன் சுமந்தன. நீராவியை ஒழிக்க வந்த எஞ்சினின் வயிற்றிலும் நீராவி இருந்தது என்பது வரலாற்றின் நகைச்சுவை. 800 வரிசை எண்ணுடையவை அக்கொதிகலனும் இல்லாதவை; சரக்குக்கென்றே செய்யப்பட்டவை. இதே காலத்தில் வேறு வடிவமைப்பில் வந்த டிடி 54 என்ற வகை, ஆற்றலைக் கடத்தும் தண்டு கழன்று விழும் குறைபாட்டால் விபத்துக்குள்ளாகி, நாற்பது எஞ்சின்களோடு முடிந்து, 1978க்குள் முற்றிலும் கைவிடப்பட்டது. டிடி 51 நின்று நிலைத்ததற்குக் காரணம் அதன் புதுமையன்று. சோதித்துத் தேறிய பகுதிகளால் அது கட்டப்பட்டது என்பதே.

பாடப்படாத உழைப்பு

1975 டிசம்பர் 14ஆம் நாள் ஹொக்கைடோவில் கடைசி நீராவிப் பயணிகள் ரயில் ஓடியது. பத்து நாள் கழித்து, டிசம்பர் 24இல், டி 51 ஒன்று கடைசிச் சரக்கு ரயிலை இழுத்தது. அந்த ஆண்டுகளில் ஜப்பான் முழுவதும் ஒரு பித்துப் பரவியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் புகைப்படக் கருவிகளுடன் பாதையோரங்களில் காத்துக் கிடந்து, மறையப்போகும் நீராவி எஞ்சின்களுக்கு விடைகொடுத்தனர். அவர்களுடைய கண்ணுக்கு டிடி 51 ஓர் அயலான். அழகைக் கொன்ற இயந்திரம். அன்றிருந்தோர் அதனைப் படம் எடுக்க விரும்பவில்லை. எஞ்சின் ஓட்டுநர்களுக்கோ அது மூக்கிலிருந்த ஈரத்துணியை அவிழ்த்துவிட்ட தோழன்.

இவ்விடத்தில் தமிழ்க் கவிதையையும் ஒரு கணம் நினைக்கலாம். ரயில் தமிழில் வந்த நாள் தொட்டே அது பிரிவின் குறியீடாக இருந்து வருகிறது. நடைமேடை, கையசைப்பு, சன்னல், விலகும் முகம். இவையனைத்தும் பயணிகள் ரயிலுக்கு உரியவை. சரக்கு ரயிலுக்கு வழியனுப்புவோர் இல்லை. அதனை எதிர்நோக்கிக் கண்ணீர் விடுவோரும் இல்லை. லெவல் கிராசிங்கில் நிற்போருக்கு அது பெட்டிகளை எண்ணும் விளையாட்டு, அல்லது எரிச்சல். ஆனால் அரிசியும் சிமெண்டும் எண்ணெயும் அதில்தான் வருகின்றன. உமணர் வண்டியை உற்று நோக்கிய மரபு, கூட்ஸ் வண்டியை உற்று நோக்க மறந்தது ஏன் என்பது கவிஞர்கள் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டிய வினா.

டிடி 51 புகழ் இல்லாமலேயே உழைத்தது. புகழ் இல்லாமலேயே தேயவும் தொடங்கியது. நெடுஞ்சாலைகள் பெருகின, லாரிகள் சரக்கைக் கவர்ந்தன. 1984 பிப்ரவரியில் தேசிய ரயில்வே தன் சரக்குப் போக்குவரத்து முறையையே சுருக்கியது. பல நிலையங்களில் சரக்கு நின்றுபோயிற்று. எஞ்சின்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தன. 1987 ஏப்ரல் 1ஆம் நாள் தேசிய ரயில்வே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. சரக்கு நிறுவனம் தனியே நின்றது. பாதைகள் பெரும்பாலும் பயணிகள் நிறுவனங்களுக்குச் சொந்தமாக, சரக்கு நிறுவனம் வாடகைக்கு ஓட வேண்டியதாயிற்று. ஹொக்கைடோவில் 1988 முதல் நீல நிறம் பூசி, இரண்டிரண்டாகச் சேர்ந்து, டோக்கியோவிலிருந்து வந்த 'ஹொகுதோசெய்' படுக்கை ரயிலை இழுத்தபோது சிறிது பெருமை கிடைத்தது. 1992இல் டிஎஃப் 200 என்ற ஆற்றல் மிக்க புதிய எஞ்சின் வந்ததும் சரக்கு வேலையும் படிப்படியாக அதன் கைக்கு மாறியது. 2011ஆம் ஆண்டு பிறந்தபோது, டிடி 51 ஓய்வுக்காகக் காத்திருந்த முதியவரின் நிலையில் இருந்தது.

2011 மார்ச்

அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு வடகிழக்கு ஜப்பானில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையில் 18,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். 4 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். அது பனி பெய்யும் பருவம். கணப்பு அடுப்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. மருத்துவ வண்டிக்கு பெட்ரோல் இல்லை. உணவு கொண்டு செல்லும் லாரிக்கு டீசல் இல்லை. செண்டாய் நகரத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தீப்பற்றி எரிந்தது. துறைமுகங்கள் சிதைந்தன. தலைநகரையும் வடகிழக்கையும் இணைக்கும் தோஹோகு முதன்மைப் பாதை, பல இடங்களில் முறிந்து கிடந்தது. வண்டியின் அச்சு முறிந்துவிட்டது.

யோகோஹாமாவின் நெகிஷியில் எண்ணெய் இருந்தது. அதை வடக்கே கொண்டு செல்லும் நேர்வழி இல்லை. சரக்கு நிறுவனம் சுற்றுவழி தேடியது. முதலாவது வழி ஜப்பான் கடலோரமாக நீகாதா, அகிதா, அவோமோரி என்று நாட்டைச் சுற்றி மொரியோகாவுக்குச் சென்றது. மார்ச் 18இல் புறப்பட்ட முதல் எண்ணெய் ரயில், மறுநாள் மொரியோகாவை அடைந்தது. ஆனால் ஃபுகுஷிமா மாநிலத்தின் உள்நாட்டு நகரமான கோரியாமாவுக்கு அவ்வழி பயன்படாது. அங்கே செல்ல எஞ்சியிருந்தது பான்எட்சு மேற்குப் பாதை ஒன்றே. நீகாதாவை அடுத்த நீட்சுவிலிருந்து அகானோ ஆற்றையொட்டி மலையேறி, அயிசு-வகாமட்சு வழியாக, பந்தாய் மலையின் அடிவாரத்தையும் இனாவாஷிரோ ஏரியையும் கடந்து கோரியாமாவை அடையும் 175 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை அது. வழக்கமான சரக்குப் போக்குவரத்து சில ஆண்டுகளுக்கு முன்னரே நின்றுபோன பாதை. ஆயிரம் மீட்டருக்கு 25 மீட்டர் ஏறும் சரிவுகள் அதில் உண்டு. நீட்சுவிலிருந்து நெடுந்தொலைவுக்கு மின்கம்பி இல்லை. புதிய டிஎஃப் 200 எஞ்சின்கள் ஹொக்கைடோவின் பாதைகளுக்கென்று செய்யப்பட்டவை; உடனே கொண்டுவந்து ஓட்டும் நிலையில் அவை இல்லை. இந்தப் பாதையில் எண்ணெயை இழுக்கத் தக்கது ஒன்றுதான் இருந்தது. அது டிடி 51.

நாகோயாவை அடுத்த இனாசவா பணிமனை உள்ளிட்ட இடங்களிலிருந்து முதிய எஞ்சின்கள் நீகாதாவுக்கு வரவழைக்கப்பட்டன. நெகிஷியிலிருந்து மின்சார எஞ்சின் கொண்டுவந்த எண்ணெய்ப் பெட்டிகளுள் பத்தைப் பிரித்து, இரண்டு டிடி 51 எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டினர். மார்ச் 25ஆம் நாள் இரவு முதல் ரயில் மலையை நோக்கிப் புறப்பட்டது.

பந்தாய் மலையடிவாரத்து ஏற்றத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. ஈரமான தண்டவாளத்தில் சக்கரங்கள் சுழன்றன, ரயில் நகரவில்லை. பின்னர் முற்றிலும் நின்றது. 1928இல் யனகாசே சுரங்கத்தில் நேர்ந்தது போலவே பனி, ஏற்றம், வழுக்கல், சரக்கு. ஆனால் இங்கே புகை இல்லை, உதவி இருந்தது. அயிசு-வகாமட்சுவிலிருந்து டிஇ 10 என்ற மற்றொரு பழைய டீசல் எஞ்சின் வந்து பின்புறமிருந்து தள்ளியது. முன்னே இரண்டு முதியவை இழுக்க, பின்னே ஒரு முதியது தள்ள, எண்ணெய் ரயில் மேட்டைக் கடந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரத் தாமதத்துடன் 26ஆம் நாள் காலை கோரியாமாவைச் சேர்ந்தது.

அதன்பின் நாள்தோறும் ரயில்கள் சென்றன. முதன்மைப் பாதை செப்பனிடப்பட்டதும், ஏப்ரல் 16ஆம் நாளோடு அந்தச் சுற்றுவழி ஓட்டம் முடிந்தது. மூன்று வாரங்களில் ஏறத்தாழ 20,000 கிலோலிட்டர் எண்ணெய் அந்த மலையைக் கடந்தது என்பது கணக்கு. கணக்குப் புத்தகத்தில் அது ஓர் எண். கூடத்தின் தரையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த முதியவருக்கு அது ஓர் இரவின் வெப்பம்.

மலைப்பாதையின் கணக்கு

2013ஆம் ஆண்டில் தோஷின்ஷா பதிப்பகம் குழந்தைகளுக்கான ஒரு படநூலை வெளியிட்டது. சுதோ அசாயே எழுத, சுசுகி மமோரு ஓவியம் தீட்டினார். 'ஓடு, டீசல் எஞ்சின் டேடே' என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல், இந்த எண்ணெய் ரயிலின் கதையைச் சொல்வது. ஐம்பது ஆண்டுகளாகக் கவிதை பெறாத எஞ்சினுக்கு இறுதியில் இலக்கியம் கிடைத்தது. அதுவும் குழந்தை இலக்கியம். முகமற்றது என்று பெரியவர்கள் ஒதுக்கிய இயந்திரத்தைச் சிறுவர்கள் செல்லப் பெயர் சொல்லி அழைக்கலாயினர்.

2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெய்த பெருமழை சான்யோ முதன்மைப் பாதையைத் துண்டித்தது. ஆகஸ்டு இறுதியிலிருந்து சில வாரங்கள், மலைக்கு அப்பால் உள்ள சான்இன் பாதை வழியாகச் சரக்குப் பெட்டகங்களைச் சுற்றி இழுத்துச் சென்றதும் டிடி 51 எஞ்சின்களே. இரண்டாம் முறையும் சேம அச்சே கைகொடுத்தது.

2021 மார்ச் மாதத்தோடு சரக்கு நிறுவனம் இவ்வகை எஞ்சின்களுக்கு ஓய்வு கொடுத்தது. கடைசி வேலை, யொக்காய்ச்சி பகுதியில் எண்ணெய்ப் பெட்டிகளை இழுப்பது. அது டிஎஃப் 200 வசம் ஒப்படைக்கப்பட்டது. பாதையோரங்களில் புகைப்படக் கருவிகளுடன் மக்கள் திரண்டனர். 1975இல் எந்த எஞ்சினைப் பகையாகக் கருதினரோ, அதே எஞ்சினுக்கு அதே விதமாக விடைகொடுத்தனர். முதல் எஞ்சின் உசுயி மலைக்கணவாயின் ரயில்வே பண்பாட்டுப் பூங்காவில் நிற்கிறது. மற்றொன்று கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓய்வு கொடுத்தது தவறு என்று வாதிடுவதற்கில்லை. தேய்ந்த இயந்திரத்தை உணர்ச்சியின் பேரால் ஓட்டச் சொல்வது, உளுத்த மரத்தைச் சேம அச்சாகக் கட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். உமணர் கட்டியது பழைய அச்சை அன்று; பாரம் தாங்கும் அச்சை. காக்க வேண்டியது இரும்பை அன்று. அந்த இரும்புக்கு வேலை கொடுத்த பாதையையும், அதை ஓட்டும் கல்வியையும், சுற்றுவழி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் காக்க வேண்டும்.

இந்த எண்ணத்திற்கு வந்த சோதனையும் உண்டு. 2022 ஜூலை 28ஆம் நாள், கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம், தன் நட்டம் தரும் கிராமப் பாதைகளின் வரவு செலவைப் பிரித்துப் பிரித்து வெளியிட்டது. அந்தப் பட்டியலில் பான்எட்சு மேற்குப் பாதையின் நோசாவாவுக்கும் சுகாவாவுக்கும் இடைப்பட்ட பகுதியும் இருந்தது. 2011இல் எண்ணெய் ரயில்கள் ஒவ்வோர் இரவும் கடந்து சென்ற அதே பகுதி. ஒரு வாரம் கழியுமுன்னரே, ஆகஸ்டுத் தொடக்கத்தில், பெருமழையால் கிதகாதா அருகே அப்பாதையின் ஆற்றுப்பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. நட்டப் பட்டியலில் பெயர் வந்த பாதை, பாலமும் இல்லை. கைவிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆயினும் பாலம் மீண்டும் கட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 1ஆம் நாள் பாதை முழுவதும் ரயில் ஓடத் தொடங்கியது.

வரவு செலவுக் கணக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் அது நடந்ததை மட்டுமே எழுதும். நடக்கக் கூடியதை எழுத அதற்கு இடமில்லை. சேம அச்சு முறியாத நாளில் வெறும் பாரமே. வண்டியின் எடையைக் கூட்டுகிறது என்று அதனை அவிழ்த்தெறிந்தவனே சமதரையில் விரைந்து செல்வான். அவன் அறிவாளியா என்பது ஏற்றத்தில்தான் தெரியும்.

ஔவையார் கண்ட உவமை இன்றும் பொருந்துவதற்குக் காரணம், சமுதாயம் எதையெல்லாம் பயனற்றது என்று அவிழ்த்து எறிகிறது என்ற வினா இன்றும் உயிரோடு இருப்பதே. மலைப்பாதைகள், சிற்றூர்க் குளங்கள், வழக்கொழிந்து வரும் தொழிற்சொற்கள், திங்கள்தோறும் முப்பது பேர் கூடிப் பேசும் இலக்கிய வட்டங்கள் ஆகிய அனைத்தும் அந்தப் பட்டியலில் வரக்கூடியவை. இவற்றுள் எது எந்த இரவில் எந்த ஏற்றத்தில் வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதனாலேயே அவை கட்டி வைக்கப்படுகின்றன. பத்தாண்டுகள் ஒரு கட்டு அவிழாமல் காத்த இவ்வட்டத்தார்க்கு அது சொல்லித் தெரிய வேண்டியதன்று.

வட்டம் வாழ்க, வண்டி தொடர்க.